இல்லாத குரல், இல்லாத உருவம், தீராத சந்தேகம்: காரணத்தைத் தேட வேண்டிய விதம்

1921-ஆம் ஆண்டில் வில்லியம் வில்மர் என்ற அமெரிக்கக் கண் மருத்துவர், ஒரு குடும்பத்துக்கு நேர்ந்ததைத் தம் துறையின் இதழில் பதிவு செய்தார். பழைய பெரிய வீடொன்றில் குடியேறிய அந்தக் குடும்பத்தாருக்குத் தலைவலியும் சோர்வும் தொடங்கின, குழந்தைகள் வெளிறிப்போனார்கள், வீட்டிலிருந்த செடிகள் வாடின. இரவில் ஆளில்லாத அறைகளில் காலடி ஓசை கேட்டது. யாரோ பின்னாலிருந்து கவனித்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற உணர்வு விட்டகலவில்லை. சிலர் உருவங்களையும் கண்டார்கள். வீட்டைச் சூடாக்கும் உலையை முடிவில் ஆராய்ந்தபோது, அது பழுதுபட்டு, அதன் புகை வெளியே போகாமல் அறைகளுக்குள் பரவிக்கொண்டிருந்தது தெரியவந்தது. நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு வாயுவை அவர்கள் நாள்தோறும் சுவாசித்து வந்திருந்தார்கள். உலையைச் சரிசெய்தபின் ஓசைகளும் உருவங்களும் நின்றுபோயின.

அந்தக் குடும்பத்தில் ஒருவருக்கும் மனநோய் இருக்கவில்லை. இரத்தத்தில் பிராணவாயு குறைந்துபோன மூளை, தன் தடுமாற்றத்தைக் காலடி ஓசையாகவும் கண்காணிக்கும் கண்களாகவும் அவர்களுக்குக் காட்டியது. இதையே இக்கட்டுரையின் தொடக்கமாக எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. ‘குரல் கேட்கிறது’ என்றோ, ‘என்னைக் கொல்லப் பார்க்கிறார்கள்’ என்றோ ஒருவர் சொன்னதும் அதை ஒரு நோயின் பெயராகவே எடுத்துக்கொள்ளும் வழக்கம் நம்மிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. காய்ச்சல் எப்படி ஒரு நோயின் பெயர் அன்றோ, அப்படியே இவையும் நோயின் பெயர்கள் அல்ல. நூறு காரணங்கள் வந்து சேரும் ஒரே வாசல் இது. உள்ளே வந்தது எது என்று பார்க்காமல் முடிவு கட்டுவதால் உயிரிழப்புகூட நேர்ந்திருக்கிறது.

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. அரையிருட்டில் கிடக்கும் கயிற்றைப் பாம்பென்று கண்டு துள்ளுவது திரிபுக்காட்சி. அங்கே கயிறு என்ற ஒரு பொருள் இருக்கிறது, அதைப் படித்த விதம்தான் தவறு. கயிறே இல்லாத வெறுந்தரையில் பாம்பைக் காண்பது மாயத்தோற்றம் அல்லது பிரமை. இந்த வேறுபாட்டை மருத்துவத்தில் நிலைநிறுத்தியவர் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாழ்ந்த பிரெஞ்சு மருத்துவர் ழான் எஸ்கிரோல். பிரமை கண்ணுக்கு மட்டும் உரியதன்று; காது, மூக்கு, நாக்கு, தோல் ஆகிய எல்லாப் புலன்களிலும் அது நேரும். எந்தப் புலனில் நேர்கிறது என்பதே காரணத்தைக் கண்டறிவதற்கான முதல் தடயம். சந்தேகம் வேறு வகையைச் சேர்ந்தது. புலன்கள் சரியாகவே வேலை செய்கின்றன; ஆனால் கண்டதற்கும் கேட்டதற்கும் ஒருவர் கொடுக்கும் பொருள் ஒரே திசையில், தமக்கெதிரான தீய நோக்கத்தின் திசையில் சாய்ந்துவிடுகிறது. எந்தச் சான்றைக் காட்டினாலும் அசையாத உறுதியை அது எட்டும்போது மருத்துவர்கள் அதை மருட்சி நம்பிக்கை என்கிறார்கள். பிரமையும் சந்தேகமும் சேர்ந்தே வருவது அதிகம் என்றாலும் தனித்தனியே வருவதும் உண்டு.

இவ்வனுபவங்கள் நாம் நினைக்கும் அளவுக்கு அபூர்வமானவை அல்ல. 18 நாடுகளில் 31,261 பேரிடம் நடத்தப்பட்டு 2015-இல் வெளியான ஆய்வொன்றில், வாழ்நாளில் ஒருமுறையேனும் பிரமை அனுபவம் நேர்ந்ததாக ஏறத்தாழ 5 சதவீதத்தினர் கூறினார்கள். இத்தகைய அனுபவங்கள் நேர்ந்தவர்களில் பெரும்பாலோருக்கு அவை வாழ்நாளில் சில முறை மட்டும் வந்து போனவையே. துணையை இழந்தவர்களிடம் இது இன்னும் பரவலாகக் காணப்படுகிறது. வேல்ஸைச் சேர்ந்த மருத்துவர் டெவி ரீஸ் 1971-இல் வெளியிட்ட ஆய்வில், கணவரையோ மனைவியையோ இழந்த 293 பேரில் ஏறத்தாழப் பாதிப் பேர், இறந்தவர் அருகில் இருப்பதாக உணர்ந்ததாகவோ, அவரைக் கண்டதாகவோ, அவர் குரலைக் கேட்டதாகவோ சொன்னார்கள். பலருக்கு அது ஆறுதலாகவே இருந்தது. ஆனாலும் அவர்களில் பெரும்பாலோர் அதை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் பைத்தியம் என்பார்களோ என்ற அச்சம் எவ்வளவு பெரிய மௌனத்தை உண்டாக்குகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இனி, தவறவிட்டால் ஆபத்தாக முடியும் காரணங்களுக்கு வருவோம். அவற்றுள் முதலிடம் ஜன்னிக்குரியது. காய்ச்சல் முற்றியவர் பிதற்றுவதைக் குறிக்க நம் முன்னோர் வைத்திருந்த சொல் அது. இன்றைய மருத்துவம் டெலிரியம் என்ற பெயரில் விவரிக்கும் நிலையோடு அது பெரிதும் பொருந்துகிறது. நேற்றுவரை தெளிவாக இருந்த முதியவர் ஒருவர் இன்று நாள், இடம் அறியாமல் தடுமாறுகிறார். சுவரில் பூச்சிகள் ஊர்வதாகச் சொல்லி விரலால் பொறுக்குகிறார். மருந்து கொடுக்க வரும் மகளை நஞ்சு வைக்க வந்தவளாகப் பார்க்கிறார். சில மணி நேரம் கழித்து ஒன்றும் நடவாததுபோல் பேசுகிறார். மாலையானதும் மீண்டும் குழம்புகிறார். மணிக்கணக்கிலோ ஓரிரு நாளிலோ தொடங்குவது, கவனம் ஒன்றிலும் நிலைக்காமல் போவது, ஒரே நாளில் தெளிவும் குழப்பமும் மாறிமாறி வருவது ஆகிய மூன்றும் டெலிரியத்தின் அடையாளங்கள். இதற்குக் காரணம் சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம், நிமோனியாவாக இருக்கலாம், இரத்தத்தில் சோடியம் குறைந்திருக்கலாம், சர்க்கரை தாழ்ந்திருக்கலாம், அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய வலியாகவோ புதிதாகத் தொடங்கிய ஒரு மாத்திரையாகவோ இருக்கலாம். முதியவர்களுக்குத் தொற்று ஏற்பட்டிருந்தும் காய்ச்சலே வராமல் போகக்கூடும். மனக்குழப்பம் ஒன்றே அதன் முதல் அறிகுறியாக அமைவதுண்டு. ‘வயதாகிவிட்டது, அப்படித்தான் பேசுவார்’ என்று விட்டுவிடும் வாக்கியத்தை நான் மிகவும் அஞ்சுகிறேன். ஒரே நாளில் வந்த குழப்பத்தை முதுமையின் கணக்கில் எழுதக்கூடாது.

மறதி நோய்களில் சந்தேகம் முளைக்கும் விதம் வேறு. வைத்த பணம் வைத்த இடத்தில் இல்லை. தானே இடம் மாற்றி வைத்தது நினைவில்லை. அப்படியானால் யாரோ எடுத்திருக்கத்தான் வேண்டும். இந்த முடிவில் தர்க்கப் பிழை ஏதுமில்லை, தர்க்கத்துக்குக் கிடைத்த தகவலில்தான் ஓட்டை விழுந்திருக்கிறது. அதனால்தான் திருட்டுக் குற்றச்சாட்டு பெரும்பாலும் அருகிலிருந்து பணிவிடை செய்பவர்மீதே விழுகிறது. தம் பெயராலேயே இன்று அறியப்படும் நோயை அலோயிஸ் அல்சைமர் முதன்முதலில் விவரித்தபோது, அந்த 51 வயதுப் பெண்ணிடம் தொடக்கத்தில் தென்பட்ட அறிகுறிகளுள் ஒன்று கணவர்மீது எழுந்த கடும் சந்தேகமே என்று குறித்திருக்கிறார். மறதி வெளிப்படையாகத் தெரிவதற்கு முன்பே சந்தேகம் வரக்கூடும் என்பதை இக்குறிப்பு நமக்கு உணர்த்துகிறது.

லூயி உடல்கள் எனப்படும் புரதத் திரள்கள் மூளை நரம்பணுக்களில் படிவதால் வரும் மறதி நோயில் காட்சிகளே முன்னிற்கின்றன. இத்திரள்களை 1912-இல் விவரித்த பிரீட்ரிக் லூயியின் பெயரே நோய்க்கும் நிலைத்தது. அறையின் மூலையில் ஒரு குழந்தை அமர்ந்திருக்கும், அல்லது ஒரு பூனை குறுக்கே நடக்கும். காட்சி தெளிவாக, நிறத்தோடும் விவரத்தோடும் தோன்றும். சிலர் அதைக் கண்டு அஞ்சுவதுகூட இல்லை. இந்நோயை அறிந்திருப்பதன் அவசியம் மருந்தில் இருக்கிறது. பிரமைக்கு வழக்கமாகத் தரப்படும் ஹாலோபெரிடால் போன்ற மருந்துகள் இவர்களில் பலருக்கு உடல் விறைப்பையும் கடும் மயக்கத்தையும் உண்டாக்கி, உயிருக்கே ஆபத்தாக முடியலாம். ஆகவே காட்சி தெரிகிறது என்ற ஒரு வரியை வைத்து மருந்து எழுதுவதற்குமுன், நடை தளர்ந்திருக்கிறதா, கை நடுங்குகிறதா, உறக்கத்தில் கனவுக்கேற்பக் கைகால்களை வீசுகிறாரா என்பதையெல்லாம் விசாரித்தாக வேண்டும். பார்க்கின்சன் நோய்க்கு உட்கொள்ளும் மருந்துகளே காட்சிகளைத் தோற்றுவிப்பதும் உண்டு. அங்கே மருந்தின் அளவைச் சீரமைப்பதே முதல் படி.

இதற்கு நேர்மாறாக, மூளையில் தேய்வு ஏதும் இல்லாமலே, பார்வை குன்றியதால் மட்டும் காட்சிகள் தோன்றும் நிலையொன்று இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் இயற்கையியலாளர் சார்ல் பொன்னே, தம் தாத்தா சார்ல் லூலனுக்கு நேர்ந்ததை 1760-இல் எழுதினார். கண்புரையால் பார்வை இழந்துவந்த அம்முதியவர், தெளிந்த அறிவோடு இருந்துகொண்டே, ஆண்களையும் பெண்களையும் பறவைகளையும் வண்டிகளையும் கட்டடங்களையும் தம்முன் கண்டார். அவை மெய்யல்ல என்பதையும் அறிந்திருந்தார். கண்ணிலிருந்து செய்தி வருவது குறையும்போது, பார்ப்பதற்கென்றே அமைந்த மூளைப் பகுதி சும்மா இருப்பதில்லை, தானாகவே காட்சியைப் படைத்துக்கொள்கிறது. காது மந்தமானவர்களுக்குப் பழைய பாட்டு திரும்பத் திரும்ப ஒலிப்பதும் இதே வகையில்தான். இவர்களில் பலருக்குத் தேவைப்படும் சிகிச்சை ஒரே ஒரு விளக்கம்: ‘உங்களுக்குப் புத்தி மாறாட்டம் இல்லை, இது கண்ணோடு தொடர்புடையது.’ இந்த வாக்கியத்தைக் கேட்காமலே அச்சத்தோடு பல ஆண்டுகளைக் கழிப்பவர்கள் எத்தனையோ பேர்.

வலிப்பு நோயும் எளிதில் தப்பிவிடும் காரணங்களுள் ஒன்று. மூளையின் நெற்றிப்பொட்டு மடலில் எழும் வலிப்பு, உடல் வெட்டி இழுக்காமல், சில நொடிகளுக்கு ரப்பர் எரிவதுபோன்ற நாற்றமாகவோ, காரணமில்லாத திகிலாகவோ, இந்தக் கணம் முன்பே நடந்தது என்ற விசித்திரமான உணர்வாகவோ மட்டும் வந்து போகலாம். மாண்ட்ரியாலில் வலிப்பு நோயாளிகளுக்கு அறுவை சிகிச்சை செய்த வைல்டர் பென்ஃபீல்டு, இதே மடலில் மெல்லிய மின்தூண்டல் கொடுத்தபோது சில நோயாளிகள் குரல்களையும் இசையையும் கேட்டார்கள். நாற்றப் பிரமை, தொடங்கிய வேகத்தில் முடிந்து மீண்டும் அச்சொட்டாக அதேபோல் வருமானால், நரம்பியல் மருத்துவரைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அண்மைக் காலத்தில் என்னை மிகவும் சிந்திக்க வைத்த நோய், நோய் எதிர்ப்பு அமைப்பு மூளையையே தாக்கும் ஒரு வகை மூளையழற்சி. 2007-இல் ஜோசப் டால்மாவும் குழுவினரும் 12 பெண்களைப் பற்றிய அறிக்கையை வெளியிட்டார்கள். நலமாக இருந்த இளம் வயதினருக்குத் திடீரென்று சந்தேகமும் பிரமையும் கொந்தளிப்பும் தோன்றின. அதன்பின் வலிப்பு, முகத்திலும் வாயிலும் தன்னிச்சையான அசைவுகள், இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் கட்டுக்கடங்காமை, மூச்சுத் திணறல் என்று நிலைமை மோசமானது. நரம்பணுக்களின் மேலிருந்து செய்தியை வாங்கிக்கொள்ளும் என்எம்டிஏ ஏற்பிகளை எதிர்க்கும் எதிர்ப்பொருள்கள் அவர்கள் உடலில் உருவாகியிருந்தன. பெரும்பாலோருக்குக் கருவகத்தில் டெரட்டோமா என்னும் கட்டி அதைத் தூண்டியிருந்தது. கட்டியை அகற்றி, எதிர்ப்பு அமைப்பை அடக்கும் சிகிச்சையையும் காலத்தில் கொடுத்தால், பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள். அந்த அறிக்கைக்கு முன் இப்படிப்பட்டவர்களில் எத்தனை பேர் மனநோயாளிகள் என்ற பெயரோடு மறைந்தார்களோ என்று எண்ணும்போது மனம் கனக்கிறது.

உள்சுரப்பிகளும் சத்துக் குறைவுகளும் இதே வாசலில் வந்து நிற்பவைதான். தைராய்டு சுரப்பு மிகவும் குன்றியவர்களிடம் எழும் மனக்கோளாறை 1949-இல் ரிச்சர்ட் ஆஷர் 14 நோயாளிகளைக் கொண்டு விவரித்தார். அவர்களில் பலர் தைராய்டு மருந்தாலேயே குணமடைந்தார்கள். வைட்டமின் பி12 குறைவு, நயாசின் குறைவால் வரும் பெல்லாக்ரா, செம்பு உடலில் தேங்கும் வில்சன் நோய், எதிர்ப்பு அமைப்பு உடலையே தாக்கும் லூபஸ், எச்ஐவி தொற்று, மூளைக்கட்டி ஆகியவை எல்லாம் மனக்கோளாறின் வேடத்தில் தொடங்கக்கூடியவை. ஒரு காலத்தில் மனநோய் விடுதிகளை நிரப்பிய பொதுப் பக்கவாதப் பைத்தியத்தின் காரணம் சிபிலிஸ் என்னும் பால்வினை நோயின் கிருமியே என்பதை, நோகுச்சியும் மூரும் 1913-இல் நோயாளிகளின் மூளைத் திசுவிலேயே அக்கிருமியைக் காட்டி மெய்ப்பித்தார்கள். பின்னர் பெனிசிலின் வந்தது. அந்நோயாளிகளின் எண்ணிக்கை சரிந்தது.

மருந்தும் மதுவும் போதைப்பொருளும் தனியாகச் சொல்ல வேண்டியவை, ஏனெனில் வீட்டார் மறைப்பதும் மருத்துவர் கேட்க மறப்பதும் இவற்றைத்தான். ஆஸ்துமா முதல் மூட்டழற்சி வரை பல நோய்களுக்குத் தரப்படும் ஸ்டீராய்டு மருந்துகள் மனத்தைக் கலைக்கக்கூடும். அது அளவைப் பொறுத்தது. 1972-இல் வெளியான பாஸ்டன் கண்காணிப்பு ஆய்வில், நாளொன்றுக்கு 40 மில்லிகிராமும் அதற்குக் குறைவாகவும் பிரெட்னிசோன் பெற்றவர்களில் 1.3 சதவீதத்தினருக்கும், 80 மில்லிகிராமுக்கு மேல் பெற்றவர்களில் 18.4 சதவீதத்தினருக்கும் மனக்கோளாறு ஏற்பட்டிருந்தது. அதற்காக ஸ்டீராய்டைத் தாமாக நிறுத்தவும் கூடாது. திடீரென்று நிறுத்துவது வேறொரு ஆபத்து. ஒவ்வாமைக்கும் தூக்கத்துக்கும் சிறுநீர் அடக்கத்துக்கும் தரப்படும் சில மாத்திரைகள் அசிட்டைல்கோலின் என்னும் நரம்புச் செய்தியைத் தடுப்பவை. முதியவர்களுக்கு அவை ஒன்றுக்குமேல் சேரும்போது குழப்பமும் காட்சிகளும் தோன்றும். ஊமத்தை நஞ்சும் அதே வழியில்தான் வேலை செய்கிறது: வாய் வறண்டு, கண்மணி விரிந்து, உடல் சூடேறி, இல்லாதவர்களோடு பேச்சு நடக்கும்.

மதுவைப் பொறுத்தவரை, குடிப்பதைக் காட்டிலும் நிறுத்துவதே இங்கே முதன்மையான காரணம் என்பதைப் பலர் அறிவதில்லை. பல ஆண்டுகள் நாள்தோறும் அதிகமாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால், 12 முதல் 24 மணி நேரத்துக்குள் அறிவு தெளிவாக இருக்கும்போதே குரல்களோ உருவங்களோ தோன்றலாம். 48 முதல் 96 மணி நேரத்துக்குள் நடுக்கம், வியர்வை, காய்ச்சல், படபடப்பு, கடும் குழப்பம், அச்சமூட்டும் காட்சிகள் எனத் தொடரும் நிலை உயிரைப் பறிக்க வல்லது. இது மருத்துவமனையில் பார்க்க வேண்டிய அவசரநிலை; மன உறுதியால் வீட்டில் கடக்க வேண்டிய சோதனை அல்ல. ஆம்பெட்டமின், கொக்கெயின் போன்ற ஊக்கப் பொருள்கள் சந்தேகத்தையே முதன்மையாகத் தூண்டும். தோலுக்கடியில் பூச்சி ஊர்வதாகத் தோன்றிக் கீறிப் புண்ணாக்கிக்கொள்வதும் அவற்றால் நேர்வதே. வீரியமிக்க கஞ்சாவை இளம் வயதிலேயே அடிக்கடி பயன்படுத்துவோருக்கு நீடித்த மனநோய் வரும் வாய்ப்பு கூடுகிறது என்பதை இன்று ஐயமின்றிச் சொல்ல முடியும்.

உறக்கமின்மை எந்த நோயும் இல்லாதவரையும் இதே எல்லைக்குக் கொண்டு சேர்த்துவிடும். 1959-இல் பீட்டர் டிரிப் என்ற அமெரிக்க வானொலி அறிவிப்பாளர் நன்கொடை திரட்டுவதற்காக 201 மணி நேரம் தூங்காமல் இருந்தார். இறுதி நாட்களில் இல்லாதவற்றைக் கண்டார், தம்மைக் கவனித்துக்கொண்டிருந்த மருத்துவர்களையே சந்தேகித்தார். உறக்கத்தில் விழும் நொடியிலோ விழிக்கும் நொடியிலோ பெயர் சொல்லி அழைப்பது கேட்பதும், உடல் அசையாமல் மார்பின்மேல் யாரோ அமர்ந்திருப்பதாக உணர்வதும் நலமானவர்களுக்கும் நேர்பவை. கனவின் ஒரு துண்டு விழிப்புக்குள் கசிந்துவிடுவதே அது.

இவையெல்லாம் இல்லை என்றான பிறகே மனநோய்கள் என்று நாம் தனியே பிரித்து அழைப்பவற்றுக்கு வருகிறோம். மனச்சிதைவு நோய் உலகில் ஏறத்தாழ 2.4 கோடிப் பேருக்கு, அதாவது ஏறக்குறைய 300 பேரில் ஒருவருக்கு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. பதின்ம வயதின் பிற்பகுதியிலும் இருபதுகளிலும் பெரும்பாலும் தொடங்கும் இந்நோயில் குரல்களே முதன்மையானவை: ஒருவரைப் பற்றி இருவர் பேசிக்கொள்வதாக, அவர் செய்வதையெல்லாம் ஒரு குரல் விவரிப்பதாக, ஏசுவதாக, கட்டளையிடுவதாக. நாள், இடம் பற்றிய தெளிவு பெரும்பாலும் குலையாமல் இருக்கும்.

அக்குரல் எங்கிருந்து வருகிறது? நம் மனத்துக்குள் நாமே பேசிக்கொள்ளும் பேச்சு எல்லாருக்கும் உண்டு. நாம் ஒன்றைச் செய்யும்போது, ‘இது நான் செய்வது’ என்ற முன்னறிவிப்பை மூளை தனக்குத் தானே அனுப்பிக்கொள்கிறது. நம் கையால் நமக்கே கிச்சுகிச்சு மூட்டிக்கொள்ள முடியாததற்கும் இதுவே காரணம். சாரா-ஜெய்ன் பிளேக்மோரும் உடன் ஆய்ந்தவர்களும் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், குரல் கேட்பவர்களும், தம் செயல்களைப் பிறர் இயக்குவதாக உணர்பவர்களும் தம் தொடுதலையும் பிறர் தொடுதலையும் ஏறக்குறைய ஒரே அளவு கூச்சத்தோடு உணர்ந்தார்கள். முன்னறிவிப்பு அவர்களிடம் வலுவிழந்திருந்தது. உள்ளே எழும் பேச்சிலிருந்து ‘நான்’ என்ற முத்திரை கழன்றுவிட்டால் அது வேற்றுக் குரலாகத்தான் கேட்கும். குரல் கேட்கும் நேரத்தில் எடுக்கப்பட்ட மூளைப் படங்களில் பேச்சை உருவாக்கும் பகுதி இயங்குவது தென்பட்டிருப்பதும் இவ்விளக்கத்தோடு ஒத்துப்போகிறது. இதனால் முழுவதும் விளங்கிவிட்டது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் குரல் கேட்பவர் பொய் சொல்லவில்லை, அவர் கேட்பது அவருக்கு உண்மையிலேயே கேட்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக எதுவும் காட்டவில்லை.

சந்தேகத்துக்கு மனநல மருத்துவர் ஷிதிஜ் கபூர் 2003-இல் முன்வைத்த விளக்கமும் இங்கே நினைக்கத்தக்கது. எது முக்கியம், எதைக் கவனிக்க வேண்டும் என்று குறியிடும் வேலையில் டோபமின் என்னும் மூளை வேதிப்பொருளுக்குப் பங்குண்டு. அது நேரமறியாமல் சுரக்கும்போது, எதிர்வீட்டு விளக்கு அணைவதும் பேருந்தில் ஒருவர் இருமுவதும் பெரும் பொருள் பொதிந்த நிகழ்ச்சிகளாகத் தோன்றுகின்றன. பொருள் இருப்பதாக உணர்ந்துவிட்ட மனம் அதற்குக் கதை தேடுகிறது. ‘என்னைக் கண்காணிக்கிறார்கள்’ என்பது அவ்வளவையும் ஒரே நூலில் கோத்துவிடும் கதை. அந்தக் கதை கிடைத்ததும் குழப்பம் தணிந்து ஒரு நிம்மதி வருவதும் உண்டு. நம்பிக்கை அசையாமல் இறுகுவதற்கு அதுவும் ஒரு காரணம். மனநோய் மருந்துகள் டோபமின் செயலைக் குறைப்பவை. கதையை அவை அழிப்பதில்லை, புதிய நிகழ்ச்சிகள் கதையோடு சேர்வதைத் தடுக்கின்றன. மருந்து தொடங்கிய பின்னும் பழைய நம்பிக்கை மெல்ல மெல்லவே விலகுவதன் காரணம் இதுவே.

கடும் மனச்சோர்விலும், சோர்வும் எழுச்சியும் மாறிமாறி வரும் இருதுருவ மனநோயிலும் பிரமைகள் மனநிலையின் நிறத்தையே பூசிக்கொள்கின்றன. சோர்வுற்றவருக்கு ‘நீ பாவி, நீ வாழத் தகுதியற்றவள்’ என்ற குரல் கேட்கும். குடல் அழுகிவிட்டது, தான் இறந்தே போய்விட்டேன் என்று நம்புவோரும் உண்டு. எழுச்சி நிலையில் இருப்பவருக்குத் தெய்வமே பேசுவதாகவும், தம் பெருமையைக் கண்டு பொறுக்காதவர்கள் சூழ்வதாகவும் தோன்றும். ஆயிரம் பிரசவங்களில் ஒன்று அல்லது இரண்டில், பெரும்பாலும் முதல் இரு வாரங்களுக்குள், தாய்க்கு உறக்கம் கெட்டு, குழப்பமும் குழந்தையைப் பற்றிய விபரீத நம்பிக்கைகளும் எழும் பேறுகால மனநோய் வருகிறது. மணிக்கணக்கில் முற்றக்கூடிய இந்நிலையில் தாயையும் சேயையும் தனியே விடாமல் அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். சிகிச்சைக்கு மிக நன்றாகக் கட்டுப்படும் நோய்களுள் இதுவும் ஒன்று என்பதை அந்தத் தாய்க்கும் சொல்ல வேண்டும்.

சிறு வயதில் வன்முறைக்கு ஆளானவர்களிடம் பின்னாளில் கேட்கும் குரல் சில சமயம் கொடுமை செய்தவரின் குரலாகவே இருக்கிறது. கண்காணிப்பும் ஏமாற்றமும் உண்மையிலேயே நிறைந்திருந்த வாழ்க்கையிலிருந்து வந்தவரின் சந்தேகத்தை நோய் என்ற ஒற்றைச் சொல்லால் மூடிவிடவும் முடியாது. தனிமையும் காது மந்தமும் சந்தேகத்தை வளர்க்கும். பேச்சு கேட்காதவருக்கு, அடுத்த அறையில் இருவர் சிரிப்பது தம்மைப் பற்றியே என்று தோன்றுவது எளிது. லண்டனில் டேனியல் ஃபிரீமன் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், பொதுமக்களில் 200 பேர் கணினியால் உருவாக்கிய ரயில் பெட்டியில் நடுநிலையாக நடந்துகொள்ளும் உருவங்களோடு சில நிமிடங்கள் பயணித்தார்கள். 40 சதவீதத்துக்கு மேற்பட்டோருக்கு ஏதோ ஓர் அளவில் சந்தேக எண்ணம் எழுந்தது. சந்தேகம் என்பது எல்லாரிடமும் உள்ள ஒரு படிக்கட்டு. சிலர் அதன் கடைசிப் படிவரை இறங்கிவிடுகிறார்கள்.

நெருங்கிய ஒருவரிடம் இவ்வறிகுறிகளைக் காண்போருக்கு இரண்டு செய்திகளை மட்டும் சொல்ல விரும்புகிறேன். அவர் கண்டதை மறுத்து வாதாட வேண்டாம். ஆமாம் என்று ஒத்துப்பாடவும் வேண்டாம். ‘எனக்கு அது கேட்கவில்லை, உனக்குக் கேட்கிறது என்பதை நம்புகிறேன், அது உன்னைப் பயமுறுத்துகிறது என்று தெரிகிறது’ என்பதைத் தாழ்ந்த குரலில் சொன்னால் போதும். குரல் தற்கொலைக்கோ பிறரைத் தாக்கவோ கட்டளையிடுகிறதா என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் விதைக்கப்படுவதில்லை, ஆம் என்ற பதில் வந்தால் அவரைத் தனியே விடாமல் உடனே உதவி தேட வேண்டும். இவர்களில் பெரும்பாலோர் யாரையும் தாக்குவதில்லை, தாக்கப்படுவதே அதிகம்.

மற்றொன்று, மருத்துவரிடம் எடுத்துச் செல்ல வேண்டிய தாள் ஒன்று. எந்த நாளில் தொடங்கியது, ஒரே நாளில் வந்ததா மாதக்கணக்கில் வளர்ந்ததா, நாளுக்குள் ஏறி இறங்குகிறதா, கேட்பதா காண்பதா முகர்வதா தோலில் ஊர்வதா, காய்ச்சல், தலைவலி, வலிப்பு, தலையில் அடி ஏதும் உண்டா, உறக்கம் எப்படி, கடந்த ஒரு மாதத்தில் தொடங்கிய, நிறுத்திய, அளவு மாற்றிய மாத்திரைகள் எவை, கடைசியாக மது அருந்தியது எப்போது என்பதையெல்லாம் அதில் எழுதிக்கொள்ளுங்கள். நாற்பது வயதைக் கடந்தபின் முதன்முறையாக வந்தது என்றால் அதை மேலே எழுதி அடிக்கோடிடுங்கள். வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு உடன் எடுத்துச் செல்லுங்கள். கைவைத்தியமாகக் கொடுத்த பொடியும் லேகியமும் அந்தப் பையிலேயே இருக்கட்டும்.